அடைத்த நாசிலும் திறந்த நாசிலும்: கடலூரில் ஒரு நீர்மேசைச் சோதனை

கடலூர் முதுநகரில் விசைப்படகு ஓட்டும் ஒருவரின் மகள் கேட்ட கேள்வியிலிருந்து இந்த ஆய்வு பிறந்தது.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர், ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானம் ஒன்றின் நிலைத்தன்மையைக் கணினியில் கணக்கிட்டு முதல் மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட வழிகாட்டி. மாக் 2 வேகம் (ஒலியின் வேகத்தைப் போல இரு மடங்கு), 18 கிலோமீட்டர் உயரம், ஒற்றை எஞ்சின், நாசிலுக்கு (எஞ்சினின் வாயு வெளியேறும் பின்வாய்க்கு) சற்று மேலே பின்னோக்கி நீளும் கிடைவால். இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட விமானம். மூக்கு ஒரு பாகை உயர்ந்தால் அதைத் திரும்பக் கீழே இறக்கும் திருப்புவிசை எவ்வளவு என்று வரைபடம் போட்டிருந்தார்கள். கோடு அழகாகச் சரிந்து இறங்கியது. மதிப்பீட்டுக் குழுவுக்குத் திருப்தி.

எனக்கு உறுத்தியது படத்தின் பின்முனை. நாசில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடிய கூம்பு இருந்தது. கணக்கு எளிதாக முடிய வேண்டும் என்று வாயை அடைத்துவிட்டார்கள். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் நால்வரில் ஒருவரான அந்த மாணவியே கேட்டுவிட்டார்.

“ஐயா, எஞ்சினை நிறுத்திவிட்டால் சுக்கான் பிடிக்காது என்று அப்பா சொல்வார். எஞ்சின் ஓடும்போது லேசாகத் தொட்டாலே படகு திரும்பிவிடும். நாங்கள் எஞ்சின் நின்ற படகைத்தானே கணக்குப் போட்டிருக்கிறோம்? எஞ்சின் ஓடினால் இந்த வால் வேறு மாதிரி நடந்துகொள்ளாதா?”

படகில் நடப்பது எளிது. புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் நீர் நேராகச் சுக்கான்மேல் பாய்கிறது. படகு மெதுவாகப் போனாலும் சுக்கானுக்குக் கிடைப்பது வேகமான நீர். எஞ்சின் நின்றால் அந்த நீரோட்டம் நின்றுபோகிறது, சுக்கான் வெறும் பலகையாகிவிடுகிறது. கடலூர்த் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் அலைக்கு எதிராகப் படகைக் கொண்டுவருகிறவர்கள் இதை உள்ளங்கையால் அறிந்தவர்கள். பாடப்புத்தகம் படித்த நான்கு பேரும் மூன்று பேராசிரியர்களும் விட்டுவிட்ட ஒன்றை அந்த அறிவு பிடித்துக் கொடுத்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தாரை எப்படியெல்லாம் தலையிடுகிறது

ஜெட் எஞ்சின் ஒரு விமானத்தின் நிலைத்தன்மையைப் பல வழிகளில் தொடும். உந்துவிசையின் கோடு ஈர்ப்பு மையத்தின் வழியாகப் போகாமல் மேலோ கீழோ விலகினால் அது மூக்கைத் தாழ்த்தும் அல்லது தூக்கும். முன்வாயில் நுழையும் காற்று சாய்வாக வந்தால் அதை நேராகத் திருப்புவதற்கு விமானம் ஒரு பக்க விசையைச் செலுத்த வேண்டியிருக்கும். அந்த வாய் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்தால் விளைவு நிலைத்தன்மையைக் குறைக்கும். ஒலிக்குக் குறைந்த வேகத்தில் பறக்கும்போது, நாசிலிலிருந்து பீறிட்டு வெளியேறும் வாயுத் தாரை சுற்றியிருக்கும் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் வால் இருந்தால் அதன்மேல் படும் காற்றின் சாய்வு மாறும். இவை எல்லாப் பாடப்புத்தகங்களிலும் உள்ளவை, கணக்கில் சேர்ப்பதும் கடினமில்லை.

ஒலியை மிஞ்சியதும் நான்காவதாக ஒன்று வருகிறது. சத்தமில்லாமல் ஏமாற்றுவது அதுதான்.

ஒலியை மிஞ்சிய காற்றோட்டத்தில் ஒரு பொருள் இருக்கும் செய்தி முன்னால் போகாது. அந்தப் பொருளிலிருந்து பின்னோக்கி விரியும் ஒரு கூம்புக்குள்ளேயே அது அடங்கிவிடும். மாக் 2-ல் அந்தக் கூம்பின் அரைக்கோணம் 30 பாகை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று வேகமாகப் போகும் படகைப் பார்த்தால், அதன் முகத்திலிருந்து இரண்டு பக்கமும் பின்னோக்கிப் பிரியும் அலைகளில் இதன் உறவுக்காரனைப் பார்க்கலாம். இந்த விதியின்படி நாசிலுக்குப் பின்னால் நடப்பது முன்னால் இருக்கும் இறக்கையைப் பெரும்பாலும் தொடாது. வால் நாசிலுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டால் அதற்கும் பயமில்லை. வால் நாசிலைத் தாண்டிப் பின்னால் நீண்டிருந்தால்தான் சிக்கல். மாணவர்களின் விமானத்தில் அப்படித்தான் இருந்தது.

நாசிலை விட்டு வெளியே வரும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால் தாரை நேராகப் போகாது. வாயைத் தாண்டியதும் குடம்போலப் புடைக்கும். வெளியே மாக் 2-ல் ஓடிக்கொண்டிருக்கும் காற்றுக்கு அந்தப் புடைப்பு ஒரு திடப்பொருளாகவே தெரியும். இரும்பில் செய்து ஒட்டிய கூம்புக்கும் அதற்கும் காற்று வேறுபாடு பார்ப்பதில்லை. புடைப்பின் தொடக்கத்தில் ஓர் அதிர்ச்சி அலை எழும், அது சாய்ந்து போய் வாலில் முட்டும். அலையைத் தாண்டிய இடத்தில் அழுத்தம் திடீரென்று உயர்ந்திருக்கும். வாலின் ஒரு முகத்தில் மட்டும் உயர்ந்த அழுத்தம் என்றால், விமானி கேட்காத ஒரு தள்ளல் வாலில் விழுகிறது.

எவ்வளவு தள்ளல்? மாணவர்களின் நாசில் குவிந்து முடியும் எளிய வகை. உள்ளே மொத்த அழுத்தம் வெளியழுத்தத்தைப் போல 6 மடங்கு என்று கொண்டோம். நாசிலின் வாயில் அது 3 மடங்குக்குச் சற்று மேல் நிற்கும். தடையே இல்லாவிட்டால் தாரையின் விளிம்பு 21 பாகைக்கு மேல் விரியும். வெளிக்காற்று எதிர்த்துத் தள்ளுவதால் இரண்டும் சமரசமாகும் கோணம் 10 பாகையை ஒட்டி வருகிறது. மாக் 2 காற்றை 10 பாகை திருப்பினால் எழும் அலையின் சாய்வு 39 பாகை. அதைத் தாண்டியதும் அழுத்தம் 1.7 மடங்கு. 18 கிலோமீட்டர் உயரத்தில் வெளியழுத்தம் ஏறக்குறைய 7.5 கிலோபாஸ்கல்தான், தரையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அவ்வளவு மெல்லிய காற்றிலும் அழுத்தக் கூடுதல் 5 கிலோபாஸ்கலைத் தாண்டுகிறது. வாலின் அடிமுகத்தில் ஒரு சதுர மீட்டர் அந்த அலைக்குப் பின்னால் அகப்பட்டால், அரை டன்னுக்கு மேற்பட்ட எடை அதைக் கீழிருந்து மேலே தள்ளும். உருண்டையான தாரையில் அலை விலக விலக வலுவிழக்கும், ஆகவே உண்மையான எண் இதைவிடக் குறையும். பாதியாகக் குறைந்தாலும் அது விட்டுவிடக்கூடிய எண் இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டியிருந்தது. உயரம் கூடினால் தாரை புடைக்கும் என்று மாணவர்கள் எழுதியிருந்தார்கள். ராக்கெட்டுக்கு அது சரி. ராக்கெட் தன் வாயுவைத் தானே சுமந்து போகிறது, வெளியழுத்தம் குறைந்தால் புடைப்பு கூடும். காற்றை உள்ளிழுத்து எரிக்கும் எஞ்சினில் வெளியழுத்தம் குறைந்தால் உள்ளே வரும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து குறைகிறது. அங்கே புடைப்பைக் கூட்டுவது பெரும்பாலும் மாக் எண்தான். மாக் 2-ல் காற்றை இழப்பின்றி நிறுத்தினால் அதன் அழுத்தம் 7.8 மடங்காகும், மாக் 3-ல் ஏறக்குறைய 37 மடங்கு. அந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி எஞ்சின் வழியாக நாசிலுக்கு வந்து சேர்கிறது. வாயின் அகலத்தை மாற்றிக்கொள்ளும் நாசில்கள் சூப்பர்சானிக் விமானங்களில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வால் தளரும் நேரத்தில்

வால் வலுவாக இருக்கும்போது இந்தத் தள்ளல் வந்தால் சமாளிக்கலாம். வேகம் கூடக்கூட வால் வலுவிழக்கிறது என்பதுதான் கவலை. மெல்லிய தகடு ஒரு கோணத்துக்கு எவ்வளவு விசை தரும் என்பதை எளிய கோட்பாடு 4-ஐ (மாக் எண்ணின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்ணின்) வர்க்கமூலத்தால் வகுத்துச் சொல்கிறது. மாக் 1.5-ல் அது 3.6, மாக் 2-ல் 2.3, மாக் 3-ல் 1.4. அதே வால், அதே அளவு, பிடிப்பு மட்டும் பாதியைவிடக் குறைந்துவிடுகிறது.

மூக்கின் ஏற்ற இறக்கத்தில் இது அவ்வளவு வலிக்காது. ஒலியைத் தாண்டும்போது இறக்கையின் தூக்குவிசை மையம் நாணின் (இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள நீளத்தின்) கால்பங்கிலிருந்து பாதியை நோக்கிப் பின்னகர்வதால் அந்தத் திசையில் நிலைத்தன்மை மிச்சமாகவே இருக்கும். ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கன்கார்டு அந்த மிச்சத்தைச் சமன்செய்ய எரிபொருளையே முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டு பறந்தது. பக்கவாட்டில் அப்படி எந்த உதவியும் இல்லை. செங்குத்து வால் தளர்ந்தால் தளர்ந்ததுதான்.

1950களின் வரலாறு இதற்குச் சாட்சி. 1953 டிசம்பர் 12 அன்று அமெரிக்கச் சோதனை விமானி சக் யேகர் எக்ஸ்-1ஏ விமானத்தில் மாக் 2.44-ஐத் தொட்டதும் அது கட்டுப்பாடிழந்து உருண்டு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் விழுந்தது. அவர் உயிரோடு மீட்டுக்கொண்டுவந்தார். 1954 அக்டோபர் 12 அன்று எஃப்-100 விமானத்தைச் சோதித்த ஜார்ஜ் வெல்ச் மீளவில்லை. பிறகு அந்த வகை விமானங்களுக்குப் பெரிய செங்குத்து வால் பொருத்தப்பட்டது. 1956 செப்டம்பர் 27 அன்று எக்ஸ்-2 விமானத்தில் மாக் 3-ஐத் தாண்டிய முதல் மனிதரான மெல் ஆப்ட் அதே பறப்பில் இறந்தார். இவற்றில் எதற்கும் தாரையின் அலை காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓர் அச்சில் தொடங்கி மற்ற அச்சுகளோடும் பின்னிக்கொண்ட சுழற்சியும் வாலின் போதாமையுமே அங்கே காரணம். கைவசம் இருக்கும் நிலைத்தன்மை எவ்வளவு மெல்லியது என்பதற்காகவே இந்தப் பெயர்களை மாணவர்களிடம் சொன்னேன். சொல்லும்போது வகுப்பில் சத்தமே இல்லை.

அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் நாகா (NACA, நாசாவின் முன்னோடி) அமைப்பு கிளீவ்லாந்திலும் லாங்லியிலும் தாரையை ஓடவிட்டு மாதிரிகளைச் சோதிக்கத் தொடங்கியது. காற்றுச் சுரங்கத்தில் மாதிரியைத் தாங்கும் கம்பி வழக்கமாக நாசிலின் வழியாகத்தான் உள்ளே போகும். தாரை வெளியேற வேண்டிய வாயைத் தாங்குகம்பி அடைத்துக்கொண்டிருந்தால் தாரையை எப்படிப் பார்ப்பது? அதனால் அழுத்தக் காற்றை வேறு வழியில் உள்ளே கொண்டுபோனார்கள். வாலப்ஸ் தீவிலிருந்து ராக்கெட் எஞ்சின் வைத்த மாதிரிகளை வானத்திலேயே பறக்கவிட்டும் பார்த்தார்கள். எங்கள் மாணவர்களின் மூடிய கூம்பு தனிப்பட்ட சோம்பலில் வந்தது இல்லை. துறையின் பழைய பழக்கம் ஒன்றை அவர்கள் அறியாமல் திரும்பச் செய்திருந்தார்கள்.

ஐந்து மில்லிமீட்டர் நீர்

கல்லூரியில் சூப்பர்சானிக் காற்றுச் சுரங்கம் கிடையாது. தண்ணீர் இருந்தது.

ஆழம் குறைந்த நீரின் மேற்பரப்பில் நீண்ட அலை போகும் வேகம் ஆழத்தை மட்டும் பொறுத்தது. நீரோட்டம் அந்த வேகத்தை மிஞ்சினால், ஒலியை மிஞ்சிய காற்றைப் போலவே நடந்துகொள்ளும். காற்றில் அதிர்ச்சி அலை இருக்கும் இடத்தில் நீரில் படிபோன்ற ஒரு திடீர் உயர்வு வரும். காற்றின் அடர்த்திக்குப் பதில் நீரின் ஆழம், அழுத்தத்துக்குப் பதில் ஆழத்தின் வர்க்கம். 1938-ல் சூரிச்சில் எர்ன்ஸ்ட் பிரைஸ்வெர்க் இந்த ஒப்புமையை முறைப்படி எழுதிவைத்தார். சுரங்கம் கட்டப் பணமில்லாத இடங்களுக்கு அது ஒரு கொடை.

ஐந்து மில்லிமீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் நொடிக்கு 22 சென்டிமீட்டர். நீர் 44 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால் அதுவே மாக் 2. நடந்துபோகும் மனிதரைவிடக் குறைந்த வேகத்தில் சூப்பர்சானிக் ஓட்டம் கையில் கிடைத்துவிடுகிறது. மஞ்சக்குப்பத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் 60 சென்டிமீட்டர் அகலத் தடித்த கண்ணாடி வாங்கி, இரும்புச் சட்டத்தில் பதித்து, மேல்முனையில் ஒரு தொட்டியும் அடியில் ஒரு திறப்பும் வைத்தார்கள். மேல்தொட்டியில் ஒன்றரை சென்டிமீட்டர் நீர் நின்றால் வேண்டிய வேகம் வந்துவிடும். நிமிடத்துக்கு 80 லிட்டர் சுற்றிவந்தால் போதும், வீட்டுக் கிணற்று மோட்டாரே அதிகம். கண்ணாடிக்குக் கீழே விளக்கு, மேலே வெள்ளைத் தாள் ஒட்டிய சட்டம். நீரில் எழும் ஒவ்வொரு படியும் தாளில் வெளிச்சக் கோடாக விழும்.

ஆழம் ஏன் ஐந்து மில்லிமீட்டர் என்பதற்கும் காரணம் உண்டு. நீரின் மேற்பரப்பு இழுவிசை சிறிய அலைகளை வேகப்படுத்தும், ஆழம் அவற்றைத் தாமதப்படுத்தும். 4.7 மில்லிமீட்டரில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் நீண்ட அலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். காற்றில் ஒலி அப்படித்தான் போகிறது. முதல் நாள் இதை நாங்கள் கசப்பாகவே கற்றோம். தாளில் ஒரு கோடு விழ வேண்டிய இடத்தில் சீப்புப் பல்லைப் போல் வரிவரியாகக் கோடுகள். மோட்டாரைச் சந்தேகித்தோம், கண்ணாடியின் மட்டத்தைச் சந்தேகித்தோம், சட்டத்தின் கால்களுக்கு அட்டை வைத்துப் பார்த்தோம். மாலையில்தான் தெரிந்தது, தண்ணீர் நிரப்பிய வாளி ஆய்வகத்தைத் துடைத்த சோப்பு வாளி. சோப்பு கலந்ததும் மேற்பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே போய்விட்டது, ஐந்து மில்லிமீட்டரில் இருந்த சமநிலை குலைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டி, கண்ணாடியை நல்ல நீரில் மூன்று முறை அலசி, மறுநாள் காலை மோட்டாரைப் போட்டபோது ஒற்றைக் கோடு விழுந்தது. அதைப் பார்த்து அவர்கள் கைதட்டினார்கள்.

வால் சொன்னது

அக்ரிலிக் பலகையில் விமானத்தின் பின்பாதியைப் பக்கத்தோற்றமாக வெட்டினார்கள். நாசிலின் வாயில் தனித் தொட்டியிலிருந்து நீர் வரும், அந்தத் தொட்டியின் மட்டத்தைக் கூட்டினால் தாரையின் அழுத்தம் கூடும். தாரையின் நீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்து ஊதாவாக்கினோம். நாசிலின் வாய்க்கு நேர் மேலே நான்கு சென்டிமீட்டர் விலகி, ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வால் தகடு. அது முன்முனைக்கு அருகில் ஓர் ஊசியில் சுழலும்படி நின்றது. கண்ணாடிக்கு அடியில் ஒரு பாகைமானி ஒட்டப்பட்டிருந்தது.

தாரை இல்லாதபோது வால் நேராக நின்றது. மாணவர்கள் கணினியில் கண்டது இந்த வாலைத்தான்.

தாரையைத் திறந்து மட்டத்தை மெல்ல ஏற்றினோம். ஊதா நிறம் வாயைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் புடைத்தது. புடைப்பின் தோளிலிருந்து ஒரு வெளிச்சக் கோடு சாய்ந்து புறப்பட்டது. முதலில் அது வாலின் பின்முனைக்கும் பின்னால் கடந்து போனது, வால் அசையவில்லை. மட்டம் ஏற ஏறக் கோடு நிமிர்ந்தது, வாலில் முட்டும் இடம் முன்னால் நகர்ந்தது. தாரைத் தொட்டியில் 16 மில்லிமீட்டர் நின்றபோது கோட்டின் சாய்வு 42 பாகையை ஒட்டியிருந்தது. அலைக்குப் பின்னால் ஆழத்தைத் திருகாணி முனையால் அளந்தோம்: ஐந்தாக இருந்தது ஏழு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. வாலின் பின்பக்கம் தாரையை விட்டு விலகி, ஏழு பாகையை ஒட்டித் திரும்பி நின்றது. விமானத்தில் அப்படி ஒரு தள்ளல் வாலை மேலே தூக்கும், மூக்கைக் கீழே அழுத்தும்.

நான் எதிர்பாராத ஒன்று 11 மில்லிமீட்டரில் நடந்தது. அந்த மட்டத்தில் அலை சரியாக வாலின் பின்முனையைத் தொடுகிறது. வால் நிற்கவில்லை, துடித்தது. தாளில் அதன் நிழல் மீன்வாலைப் போல் ஆடியது. மாணவி நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார். அலை பின்முனையைத் தள்ளுகிறது, தள்ளியதும் முனை விலகி அலையின் பிடியிலிருந்து நழுவுகிறது. தள்ளல் மறைந்ததும் வால் திரும்பி வருகிறது, வந்ததும் அலை மறுபடி பிடித்துக்கொள்கிறது. மட்டத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டினாலும் குறைத்தாலும் துடிப்பு நின்றது. உண்மையான வால் ஊசியில் தொங்குவதில்லை, அதன் விறைப்பும் நிறையும் வேறு. ஆகவே இதே துடிப்பு வானத்தில் வரும் என்று எழுத மாட்டேன். பின்முனையை அலை தொடும் நிலை ஒன்று பறப்பு எல்லைக்குள் இருந்தால் அதைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

துடிப்பைவிடவும் என்னை யோசிக்க வைத்தது தாரையை மூடிய கணம். குழாயைத் திருகியதும் ஊதா நிறம் சுருங்கியது, கோடு அழிந்தது, வால் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. விமானி எஞ்சினின் விசையைச் சட்டென்று குறைக்கும்போது இதுதான் நடக்கும். உந்துவிசை குறைவதை அவர் எதிர்பார்க்கிறார். வாலின் மேலிருந்த அரை டன் தள்ளலும் கூடவே போய்விடும் என்பதைப் பறப்புக் கட்டுப்பாட்டை எழுதியவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். நிலையான ஒரு தள்ளலை வாலின் கோணத்தைத் திருத்திச் சரிக்கட்டிவிடலாம். எஞ்சினோடு சேர்ந்து வந்துபோகும் தள்ளலை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

நீர்மேசையின் எல்லைகளையும் அறிக்கையில் எழுத வைத்தேன். நீர் இரு பரிமாண ஓட்டம், விமானத்தின் தாரை உருண்டை. நீர் ஒப்புமை காட்டும் வாயுவின் வெப்ப விகித எண் (அழுத்தும்போது வாயு எவ்வளவு விறைப்பாக எதிர்க்கும் என்பதைச் சொல்லும் எண்) 2, காற்றுக்கு அது 1.4. வலுவான அலைகளில் கணக்கு விலகும். தாரையின் வெப்பத்தை நீர் காட்டவே காட்டாது.

நீர் காட்டாத இன்னொன்றும் உண்டு. புடைப்பு மிகவும் பெரிதானால் அதன் அலை உடலின் மேலுள்ள மெல்லிய காற்றுப் படலத்தை உரித்துவிடும். பிரிவு நாசிலிலிருந்து முன்னோக்கி ஊரும். சாட்டர்ன் 5 ராக்கெட் உயரத்தில் ஏறும்போது தீ அதன் முதல் அடுக்கின் பக்கவாட்டில் மேலேறுவதைப் பழைய படங்களில் காணலாம், அது இந்த வகைப் பிரிவு. முன்னால் செய்தி போகாது என்று மேலே சொன்னேன். உடலை ஒட்டிய படலத்தில் ஓட்டம் மெதுவானது, அந்த வழியில் செய்தி முன்னேறிவிடும். மூக்கு உயர்ந்திருக்கும் உடலில் மேல்முகத்தில் பிரிவு அதிகம் முன்னேறினால், அங்கே அழுத்தம் உயர்ந்து பின்பகுதியைக் கீழே அழுத்தும். மூக்கு இன்னும் உயரும். வாலில் முட்டும் அலை எங்கள் மாதிரியில் மூக்கைத் தாழ்த்தியது, பிரிவு அதற்கு நேர்மாறாகத் தூக்கக்கூடும். தாரை நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எந்த வால், எந்த இடம், எந்த வேகம் என்று கேட்க வேண்டும்.

இன்றைய விமானம் ஒன்று

மாணவர்கள் ஆர்வத்தோடு பின்தொடர்ந்தது நாசாவின் எக்ஸ்-59. ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், மாக் 1.4 வேகத்தில் 16,800 மீட்டர் உயரத்தில் பறப்பதற்கான வடிவமைப்பு. 2025 அக்டோபர் 28 அன்று முதல் முறை பறந்தது. அதன் ஒற்றை எஞ்சின் உடலின் மேல் அமர்ந்திருக்கிறது, நாசிலுக்குக் கீழே உடலின் தளம் நீண்டிருக்கிறது. தாரையின் அலை தரைக்கு இறங்கி வெடிச்சத்தமாகக் கேட்கக் கூடாது என்பது அங்கே முதன்மையான கவலை. இதற்கு முன் 2008-லும் 2009 தொடக்கத்திலும் நாசா தன் எஃப்-15 விமானம் ஒன்றில் நாசிலின் அளவையும் திசையையும் பறக்கும்போதே மாற்றி, பின்னால் எழும் அலைகள் எப்படி மாறுகின்றன என்று மற்றொரு எஃப்-15 கொண்டு அளந்தது. அலையைத் தரையிலிருந்து மறைக்கத் தளத்தை நீட்டினால், அந்தத் தளத்தின்மேலேயே அலை விழும். சத்தத்துக்கு நல்லது செய்யும் ஏற்பாடு நிலைத்தன்மைக் கணக்கில் ஒரு புதிய வரியைச் சேர்க்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவர்கள்தான் அப்படி ஒரு விமானத்தைப் பறக்கவிட முடியும்.

ஒரு தாரையை அடைத்தபோது

இரண்டாம் மதிப்பீட்டுக்கு முன்னால் இன்னொரு மாதிரி செய்தார்கள். இந்த முறை மேலிருந்து பார்த்த தோற்றம்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாசில்கள், அவற்றுக்கு வெளிப்புறத்தில் இரண்டு செங்குத்து வால்கள். இரண்டு தாரையும் ஓடும்போது இரண்டு வால்களும் வெளிநோக்கிச் சமமாக விரிந்தன. ஒன்றின் தள்ளலை மற்றது ஈடுகட்டியதால் மொத்தத்தில் எந்தத் திருப்பமும் இல்லை.

மாணவி இடது நாசிலின் குழாயை மூடினார். இடது வால் நேராகிவிட்டது. வலது வால் மட்டும் வலப்புறம் தள்ளப்பட்டு நின்றது.

வெள்ளைத் தாளில் அவர் பென்சிலால் அம்புக்குறி போட்டார். வலது எஞ்சின் மட்டும் ஓடினால் உந்துவிசை மூக்கை இடப்புறம் திருப்பும். வலது வாலை அலை வலப்புறம் தள்ளினால் விமானத்தின் பின்பகுதி வலப்புறம் போகும், மூக்கு இடப்புறம் திரும்பும். இரண்டு அம்புகளும் ஒரே திசையில் விழுந்தன. ஓர் எஞ்சின் நின்ற நேரத்தில், செங்குத்து வால் ஏற்கனவே தளர்ந்திருக்கும் வேகத்தில், தாரையின் அலை உதவிக்கு வராமல் தொல்லையோடு சேர்ந்துகொள்கிறது. முதல் அறிக்கையின் கணக்கில் இதற்கு இடமே இருந்திருக்காது.

கணினி மாதிரியில் அன்றிரவே கூம்பை நீக்கினார்கள். நாசில் திறந்தது, கணக்கிடும் வலையின் வெட்டுப்புள்ளிகள் பல மடங்காகப் பெருகின, முன்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்த கணக்கு இரண்டு நாள் ஓடியது. புதிய வரைபடத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் மூன்று கோடுகள் இருந்தன: எஞ்சின் நின்ற நிலை, பாதி விசை, முழு விசை. மூன்றும் ஒன்றாகத் தொடங்கவில்லை. முழு விசையின் கோடு மற்ற இரண்டிலிருந்தும் கீழே விலகி நின்றது. நீர்மேசையில் வால் திரும்பிய அதே திசையில்தான்.

மேசை இப்போது ஆய்வகத்தின் மூலையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வாளி, அதன்மேல் பெயின்ட்டில் எழுதியிருக்கிறார்கள்: சோப்பு போடக் கூடாது.